கடல் கடந்த முதலாளியும் வரிக் கணக்கும்



நாகப்பட்டினம், தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்துக் கடைவீதிகளில் நடந்து போனால், பத்துக் கடைக்கு ஒரு கடையிலாவது "முதலாளி சிங்கப்பூரில் இருக்கிறார்" என்ற பதில் கிடைக்கும். ரஜூலா கப்பலில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கே கடை வைத்திருக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் மளிகை, ஜவுளி, பாத்திரம் என்று வியாபாரம் நடக்கிறது. இங்கே ஊரில் பழைய கடை, கட்டடம், கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்கு என்று ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைத் தம்பியோ மைத்துனரோ பார்த்துக்கொள்கிறார்.

மண்டி வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிற நம்மிடம் இப்படிப்பட்ட முதலாளிகள் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கும் கேள்விகள் இரண்டு. "நான் சிங்கப்பூர் குடிமகன் ஆகிவிட்டேன், எனக்கு இந்திய வரி எதற்கு?" என்பது ஒன்று. "அங்கே வரி கட்டிவிட்டேன், இங்கே ஏன் மறுபடி கட்ட வேண்டும்?" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதிதான் நியாயம் உண்டு. மீதிப் பாதி தெரியாமல் போனதால், நல்ல குடும்பங்களில் அண்ணன் தம்பிக்குள் கணக்கு வழக்கு வந்ததைப் பார்த்திருக்கிறோம். இங்கே இருக்கிற கடைக்காரர்கள் அபராதம் கட்டியதையும் பார்த்திருக்கிறோம். ஆகவே இது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல. அவர்களுடைய கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர், அவர்களோடு பங்கு வைத்திருப்பவர், அவர்களுக்குச் சரக்கு அனுப்புபவர் எல்லோருக்கும் உரியது.

வரி பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து மட்டும் வருவதில்லை. மூன்று கேள்விகளைப் பார்த்து வருகிறது. ஆள் எங்கே தங்குகிறார்? கடை எங்கே இருக்கிறது? கடையை நடத்தும் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? இந்த மூன்றுக்கும் விடை தெளிவாக இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஆள் எங்கே தங்குகிறார்?

நமது நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதில் 182 நாள் இந்தியாவில் தங்கினால் அவர் இந்திய வாசி. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகனோ இந்திய வம்சாவளியினரோ ஊரைப் பார்க்க வந்து போனால், 182 நாளுக்குள் இருக்கும் வரை பொதுவாக வெளிநாட்டு வாசியாகவே கருதப்படுவார். ஆனால் 2020-21 நிதியாண்டு முதல் ஒரு மாறுதல் உண்டு. அவருக்கு இந்தியா சார்ந்த வருமானம் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால், 182 என்பது 120 நாளாகக் குறைகிறது. முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்தாரா என்பதையும் பார்ப்பார்கள். ஊரில் பெரிய கட்டடங்களும் வியாபாரப் பங்கும் உள்ளவர்கள் கல்யாணம், திருவிழா, கோயில் கும்பாபிஷேகம் என்று நான்கு மாதம் தங்கிவிட்டால் இந்த விதிக்குள் வந்துவிடுவார்கள்.

சிங்கப்பூரிலோ கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வேற்று நாட்டவர் ஒருவர் ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் அங்கே தங்கினால் அந்நாட்டு வாசி என்ற வரி விகிதம் கிடைக்கும். அதில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக 24 சதவீதம் வரை போகும். 183 நாள் தங்காத வேற்று நாட்டவர் தம் பெயரில் கடை நடத்தினால், 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் லாபம் முழுவதற்கும் நேராக 24 சதவீதம். நாள் கணக்கு தவறினால் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாருங்கள்.

இரண்டு நாடுகளின் ஆண்டுகளும் வேறு வேறாக இருப்பதால், வந்த தேதி, போன தேதி இரண்டையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது. பழைய பாஸ்போர்ட்டையும் விமான டிக்கெட்டையும் தூக்கி எறியக் கூடாது. பத்து ஆண்டு கழித்தும் அவை சாட்சி சொல்லும்.

கடை எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரில் இருக்கும் கடையின் லாபத்துக்குச் சிங்கப்பூர் வரி கேட்கும். அங்கே வேற்று நாட்டவர் கடை வைக்கத் தடையில்லை. ஆனால் நிபந்தனை உண்டு. தம் பெயரில் கடை பதிந்து, தாம் வெளிநாட்டில் இருந்தால், சிங்கப்பூரில் வசிக்கும் பிரதிநிதி ஒருவரை நியமிக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால், அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும்.

நிறுவன லாபத்துக்கு அங்கே 17 சதவீத வரி. புதிய நிறுவனத்துக்கு முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில், முதல் ஒரு லட்சம் வெள்ளி லாபத்தில் 75 சதவீதத்துக்கு விலக்கு உண்டு. அதாவது ஒரு லட்சம் வெள்ளி லாபத்துக்கு 25,000 வெள்ளிக்கு மட்டும் வரி. கட்ட வேண்டியது 4,250 வெள்ளி. அந்தச் சலுகை கிடைக்காத நிறுவனத்துக்குப் பொதுவான சலுகையைக் கழித்தால் 8,075 வெள்ளி வரும். புதிய நிறுவனச் சலுகை பெற வேண்டுமானால் நிறுவனம் சிங்கப்பூர் வாசியாக இருக்க வேண்டும். இயக்குநர் கூட்டம் எங்கே நடக்கிறது, பெரிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதைப் பார்த்தே அதைத் தீர்மானிக்கிறார்கள்.

இதோடு பொருள் சேவை வரியும் உண்டு. 1994இல் 3 சதவீதமாகத் தொடங்கியது, 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். அரிசி, பருப்புக்கும் விலக்கு இல்லை. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். கணக்குப் புத்தகங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

இனி, இங்கே இருக்கும் கடையைப் பார்ப்போம். முதலாளி எந்த நாட்டில் இருந்தாலும், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், இங்குள்ள கடையின் லாபத்துக்கு இந்திய வரி உண்டு. மேலும், உள்ளூர் வியாபாரிக்குக் கிடைக்கும் இரண்டு சலுகைகள் வெளிநாட்டு வாசிக்குக் கிடையா. விற்பனையில் 8 சதவீதம் அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டிக் கணக்கை எளிதாக முடிக்கும் வசதி இந்திய வாசிகளுக்கு மட்டுமே. அதே போல, 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி வராமல் செய்யும் கழிவும் இந்திய வாசிக்கு மட்டுமே. ஊரில் உள்ள கடையில் 7 லட்சம் ரூபாய் லாபம் வந்தால் உள்ளூர் முதலாளிக்கு வரி இல்லை. அதே கடை வெளிநாட்டு வாசியின் பெயரில் இருந்தால், 4 லட்சத்துக்கு மேற்பட்ட 3 லட்சத்துக்கு 5 சதவீதமும், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 15,600 ரூபாய் கட்ட வேண்டும்.

கூட்டு வியாபாரமாக இருந்தால் கணக்கு வேறு. நிறுவனமே 30 சதவீதமும் செஸ்ஸும் கட்டிவிடும். பங்குதாரர் கைக்கு வரும் லாபப் பங்குக்கு மறுபடி வரி இல்லை. ஆனால் முதலுக்கு வட்டி, சம்பளம் என்று அண்ணனுக்குக் கொடுத்தால் அது அவர் வருமானம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அதைக் கொடுக்கும்போதே வரி பிடித்தம் செய்ய வேண்டும்.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

இந்த மூன்றாவது கேள்விதான் பலருக்குத் தெரியாதது. தெரிந்தவர்களும் அலட்சியமாக விடுவது.

வயதான தகப்பனார் ஊரில் இருக்கிறார். மகன் சிங்கப்பூர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறான். எந்தச் சரக்கு வாங்குவது, யாருக்குக் கடன் கொடுப்பது, யாரை வேலைக்கு வைப்பது என்று எல்லாமே ஊரிலிருந்து தொலைபேசியில் தகப்பனார் சொல்கிறார். நமது குடும்ப வியாபாரங்களில் இது சகஜம், மரியாதையும்கூட. ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணில் இதற்கு வேறு அர்த்தம் உண்டு.

கூட்டு நிறுவனமோ இந்துக் கூட்டுக் குடும்பமோ வெளிநாட்டில் வியாபாரம் செய்தால், அதன் நிர்வாகம் முழுவதும் இந்தியாவுக்கு வெளியே இருந்தால்தான் அது வெளிநாட்டு வாசி. நிர்வாகத்தில் ஒரு பகுதி இங்கே இருந்தாலும் அது இந்திய வாசி ஆகிவிடும். சிங்கப்பூர் லாபமும் இந்தியக் கணக்குக்குள் வந்துவிடும். சிங்கப்பூரில் பதிந்த நிறுவனமாக இருந்தால், உண்மையான நிர்வாகம் எங்கே நடக்கிறது என்று பார்க்கும் விதி இருக்கிறது. ஆனால் ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்கு மேற்படாத நிறுவனங்களுக்கு அது பொருந்தாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கூட்டு வியாபாரத்துக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. "நிறுவனம் எதற்கு, வெறும் செலவு" என்று சொல்லும் சிறு கடைக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே அங்குள்ள கடை அங்கேயே நிர்வகிக்கப்பட வேண்டும். கொள்முதல் முடிவு, வங்கிக் கையெழுத்து, கூட்டக் குறிப்பு எல்லாம் அங்கே இருக்கட்டும். பெரியவர் யோசனை சொல்லலாம்; உத்தரவு அங்கிருந்து வர வேண்டும்.

இரு முறை வரியா?

இந்தியாவும் சிங்கப்பூரும் 1994இல் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துள்ளன. ஒப்பந்தம் இருக்கிறது என்றால் வரியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஓரிடத்தில் கட்டியதை மற்றோரிடத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பதே பெரும்பாலும் அதன் பலன். அதற்கும் தாள் வேண்டும். சிங்கப்பூர் வாசி ஒருவர் இங்கே ஒப்பந்தச் சலுகை கேட்டால், அந்நாட்டு வரித்துறை கொடுத்த வதிவிடச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இந்திய வாசி ஒருவர் அங்கே கட்டிய வரியை இங்கே கழிக்க வேண்டுமானால், அதற்கான தனிப் படிவமும் வரி கட்டிய ரசீதும் வேண்டும். அங்கே கட்டாத வரியைக் கழிக்கவும் முடியாது. சிங்கப்பூர் நிறுவனம் தரும் ஈவுத்தொகைக்கு அந்நாடு வரி கேட்பதில்லை. அதை வாங்குபவர் முழு இந்திய வாசி ஆனால் இங்கே முழு வரியும் கட்ட வேண்டியதுதான்.

வாடகைக்கு இருப்பவர் கவனத்துக்கு

உள்ளூர் உறுப்பினர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இது. உங்கள் கடைக் கட்டட உரிமையாளர் உள்ளூரில் இருந்தால், மாதம் 50,000 ரூபாய் வாடகை வரை பிடித்தம் என்ற பேச்சே இல்லை. அவர் வெளிநாட்டு வாசியாக இருந்தால் அந்த வரம்பு கிடையாது. வரிக்கு உட்பட்ட வாடகை எவ்வளவு சிறியதானாலும் வாடகை கொடுப்பவரே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். பொதுவான விகிதம் 30 சதவீதமும் செஸ்ஸும், மொத்தம் 31.2 சதவீதம்.

மாத வாடகை 20,000 ரூபாய் என்றால் 6,240 ரூபாயைப் பிடித்து அரசுக்குக் கட்டி, 13,760 ரூபாயை உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். இதற்கு டான் எண் வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை விவரம் தாக்கல் செய்ய வேண்டும். பிடிக்காமல் விட்டால் அந்த வரியும் வட்டியும் வாடகைதாரர் தலையில் விழும். போதாததற்கு, கொடுத்த வாடகையைக் கடைச் செலவாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் நோட்டீஸ் வந்தது. "முதலாளி ஐயாவிடம் போய் வாடகையைக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?" என்று அவர் தயங்கியதே காரணம்.

தயங்க வேண்டியதில்லை. பிடித்த பணம் உரிமையாளருக்கு நஷ்டம் அல்ல. மேலே சொன்ன 20,000 ரூபாய் வாடகை தவிர அவருக்கு இங்கே வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 2,40,000 ரூபாயில் 30 சதவீதம் கழிவு போக 1,68,000 ரூபாய்தான் வருமானம். அது 4 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது முழுவதும் திரும்பக் கிடைக்கும். முன்கூட்டியே வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்கான சான்றும் வாங்கலாம்.

சரக்கு அனுப்புவோர் கவனத்துக்கு

தம்பியின் மண்டியிலிருந்து அண்ணனின் சிங்கப்பூர்க் கடைக்கு மிளகாய், மல்லி, பருப்பு போகிறது. வெளியாருக்கு விற்கும் விலைக்கே அண்ணனுக்கும் விற்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. உடன்பிறந்தவர்கள் நடத்தும் இரண்டு வியாபாரங்களும் தொடர்புடையவை என்றே கருதப்படும். இப்படிப்பட்ட வெளிநாட்டு வியாபாரத்துக்குத் தொகை சிறியதானாலும் ஆடிட்டர் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். "வீட்டுச் சரக்குதானே, அடக்க விலைக்கே போடு" என்பது பாசமாக இருக்கலாம். பில்லில் அது செல்லாது.

பணம் எந்த வழியில் வருகிறது?

வெளிநாட்டு வாசியானவர் ஊரிலுள்ள பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இங்குள்ள வாடகையும் லாபமும் அதில் வரவு ஆகும். வரி கட்டிய பிறகு ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை அதிலிருந்து வெளியே எடுத்துச் செல்லலாம். இத்தனை வழி திறந்திருக்கும்போது உண்டியலில் பணம் அனுப்புவது அறிவீனம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். அதைவிடப் பெரிய கெடுதல், அந்தப் பணத்துக்குப் பேரேட்டில் இடம் இல்லை என்பதே. அண்ணன் அனுப்பியது முதலா, கடனா, அன்பளிப்பா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. சகோதரர்களுக்குள் வரும் வழக்குகளில் பாதி இந்த எழுதாத பணத்தால்தான் வருகின்றன.

ஊர் திரும்பும்போது

அறுபது வயதில் "போதும், ஊரோடு இருந்துவிடலாம்" என்று திரும்பி வருகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய நேரம் இது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டு வாசியாக இருந்தவருக்கும், முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இங்கே இராதவருக்கும் சட்டம் ஓர் இடைக்காலம் தருகிறது. வழக்கமாக இரண்டு அல்லது மூன்று ஆண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் அந்த வெளிநாட்டு வியாபாரத்தை இங்கிருந்து நிர்வகித்தால் அந்த லாபத்துக்கு வரி உண்டு. மூன்றாவது கேள்வி இங்கும் வந்து நிற்கிறது, பாருங்கள்.

இடைக்காலம் முடிந்து முழு இந்திய வாசி ஆனதும், சிங்கப்பூரில் உள்ள வங்கிக் கணக்கு, நிறுவனப் பங்கு, வீடு எல்லாவற்றையும் இங்கே வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். அங்கே வாழ்ந்த காலத்தில் சம்பாதித்ததைத் தொடர்ந்து வைத்திருக்கச் சட்டமே அனுமதிக்கிறது. வைத்திருப்பது குற்றம் அல்ல, சொல்லாமல் இருப்பதே குற்றம். 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி, காட்டாமல் விட்டால் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர் முதல், வீடு, மனை நீங்கலான சொத்துகள் மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை. கணக்கில் வராத சொத்து என்று முடிவானால் அதன் மதிப்பில் 30 சதவீதம் வரியும், அந்த வரியைப் போல் மூன்று மடங்கு அபராதமும் உண்டு. கூட்டிப் பார்த்தால் சொத்தின் மதிப்பையே தாண்டுகிறது. முப்பது ஆண்டு கடல் கடந்து உழைத்துச் சேர்த்தது ஒரு படிவத்தில் ஒரு பக்கத்தை நிரப்பாததால் போய்விடலாமா?

செய்ய வேண்டியவை

இங்குள்ள கடைக்கும் அங்குள்ள கடைக்கும் தனித்தனிப் பேரேடு, தனித்தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ஒன்றின் கல்லாவிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்தால் அன்றே எழுதுங்கள். கூட்டுப் பத்திரத்தில் வெளிநாட்டில் இருப்பவரின் பங்கையும் முதலையும் தெளிவாகக் குறியுங்கள். வெளிநாட்டு வாசி இங்கே போடும் முதல் எந்த வகையில் வந்தது, திரும்ப எடுத்துச் செல்ல முடியுமா என்பதை முதலிலேயே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஊர் ஆடிட்டர்களையும் ஒரு முறையாவது பேசவையுங்கள். ஒருவர் காட்டும் லாபத்தை மற்றவர் அறியாமல் இருந்தால் இருவரும் சரியாக எழுதியும் கணக்கு தப்பாகும்.

2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரையில் எண்களைச் சொல்லவில்லை. விகிதங்களும் வரம்புகளும் வரவு செலவுத் திட்டத்துக்குத் திட்டம் மாறக்கூடியவை; தாக்கல் செய்யும் முன் ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். மூன்று கேள்விகள் மட்டும் மாறவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடல் கடந்து போட்டால் இரண்டு முறை அளக்க வேண்டும். இந்தப் புதுக்கணக்குக்கு முன், வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பங்குதாரருக்கோ கட்டட உரிமையாளருக்கோ இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். அவர் எத்தனை நாள் இங்கே இருந்தார் என்ற ஒரு கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். மற்றவை தாமாக வரும்.